பேசுதலில் மட்டும் 6.5: பிரிட்டன் பதிவு போய்விட்டதா?

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய முயலும், பிலிப்பைன்ஸின் செபுவில் உள்ள உங்கள் தோழிக்கு ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பேசுதலில் மட்டும் 6.5 வந்ததால் எல்லாம் முடிந்தது என்று ஏஜென்ட் சொல்வது தவறு. அகடமிக் தேர்வை மறுபடி எழுதட்டும். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் காட்ட, பிரிட்டனில் செவிலியரைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி அனுமதிக்கிறது: கேட்டல், வாசித்தல், பேசுதலில் 7, எழுத்தில் 6.5 ஏதாவது ஒரு முறை வந்திருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: இரண்டில் எதிலும் முதல் மூன்று பகுதிகள் 6.5-க்கோ, எழுத்து 6-க்கோ கீழே போனால் சேர்க்க முடியாது. அதனால் ஏற்கெனவே 7 எடுத்த பகுதிகளுக்கும் பயிற்சியை விடக்கூடாது.

ஏஜென்ட் கேட்கும் வேலைக் கட்டணத்தைத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறை செவிலியரிடம் அதை வாங்குவதைத் தடை செய்கிறது. அந்த ஏஜென்ட்டுக்குப் பிலிப்பைன்ஸ் புலம்பெயர் தொழிலாளர் துறையின் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.