கப்பல் பக்கமும் டாக்டர் பக்கமும்

மதிப்பிற்குரிய சாருக்கு,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு ஊர் குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறேன். அப்பா கொச்சி, முனம்பம் பக்கம் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போகிறவர். கடற்கரை மக்களைப் பற்றி இவ்வளவு அன்பாக எழுதும் நீங்கள், கோர்ட்டில் கப்பல் தரப்புக்காகவும், சிகிச்சையில் தவறு செய்ததாக வழக்கு வந்த டாக்டர்களுக்காகவும்தான் ஆஜராகி வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரியும். வருத்தமாக இருந்தது. இடித்துவிட்டு நிற்காமல் போகிற கப்பலுக்காகப் பேச எப்படி மனசு வந்தது? இந்த இரண்டு துறைக்கும் என்ன சம்பந்தம்? கடல்சார் வழக்குகள் நடத்த எனக்கு ஆசை. சென்னைக்குப் போவதா, கொச்சிக்குப் போவதா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

ஆமாம், கப்பல் தரப்பில் நின்றிருக்கிறேன். ஒளித்து வைத்த விஷயமல்ல. நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் டீ கொடுக்கிறவருக்குக்கூடத் தெரியும்.

கப்பல் கம்பெனி என்றதும் ஒரு முதலாளி கண்ணில் தெரிகிறாரே, அவரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கப்பலுக்குக் கொடி பனாமாவோ லைபீரியாவோ, உரிமையாளர் வேறொரு நாடு, நடத்துகிறவர் மூன்றாவது நாடு. பணம் கொடுக்கப்போவது ‘பி அண்டு ஐ கிளப்’ என்கிற காப்பீட்டுச் சங்கம். அவர்கள் கொச்சியிலோ சென்னையிலோ பெரிய வக்கீலை வைத்துக்கொள்வார்கள். அந்த வக்கீலுக்கு நம் கரையில் விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். அப்படித்தான் நான் உள்ளே போனேன். படகு எங்கே நின்றது, ஸ்ராங்க் (படகை ஓட்டுகிற தலைவர்) யார், இரவில் யார் காவல் இருந்தார், விளக்கு எரிந்ததா, இறந்தவருக்கு வாரிசுகள் யார் யார் என்று கேட்டு எழுதுவதுதான் வேலை. ஊருக்குள் போனால் பங்குத்தந்தை உட்காரச் சொல்லுவார். இறந்தவர் வீட்டில் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். கோபித்துக்கொள்ள முடியாது.

கேட்ட பிறகு எழுதும் அறிக்கையில் என்ன இருக்கும் என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். கடலில் மோதலைத் தவிர்க்கும் 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள் கப்பலுக்கு மட்டுமல்ல, படகுக்கும் பொருந்தும். ஐந்தாவது விதி, எல்லா நேரமும் ஒருவர் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. வலையை இழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கியிருந்தால் அதை நான் எழுதத்தான் வேண்டும். ரேடார் திரையில் படகு தெரிந்தும் கப்பல் திசை மாறவில்லை என்றால் அதையும் எழுதுவேன். ‘இதை நடத்தினால் தோற்பீர்கள், இப்போதே பேசி முடியுங்கள்’ என்று கிளப்புக்குச் சொல்ல வேண்டியவன் அவர்களுடைய வக்கீல்தான். எதிர்த்தரப்பு சொன்னால் அவர்கள் காதில் ஏறாது. எங்கள் வேலையில் பெரிய பகுதி இதுதான். கோர்ட்டில் நடப்பதில்லை என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

படகின் மேலும் தவறு இருந்தால் எல்லாம் போயிற்று என்று நம் ஊரில் ஒரு பயம் உண்டு. அப்படி இல்லை. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் வகுத்த முறைப்படி, படகுக்கும் வலைக்குமான நஷ்டத்தை இரு தரப்பின் தவறுக்கு ஏற்பப் பிரிக்கலாம். தன்மேல் தவறில்லாத தொழிலாளி இறந்தால், அவர் குடும்பம் முழுத் தொகையையும் கப்பலிடமே கேட்கலாம். கப்பலும் படகும் பிற்பாடு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தெரியாமல் பாதிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கப்பல் போய்விட்டால் என்ன செய்வது? கப்பலையே பிடிப்பதுதான் வழி. பிரிட்டிஷ் காலத்துச் சட்டங்களை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1992-இல் உச்ச நீதிமன்றம் ‘எம்.வி. எலிசபெத்’ வழக்கில் உயர் நீதிமன்றங்களுக்கு இந்த அதிகாரம் உண்டென்று உறுதி செய்தது. 2017-இல் கடல்சார் வழக்குகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது. 2018 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. இடித்த கப்பல் கிடைக்காவிட்டால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதே உரிமையாளரின் இன்னொரு கப்பலைப் பிடிக்கலாம். 2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கி, பிளாஸ்டிக் குருணை நம் கரையிலும் ஒதுங்கியது நினைவிருக்கும். அந்த விவகாரத்தில் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, விழிஞ்ஞத்துக்கு வந்திருந்த அகிடெட்டா 2 என்ற வேறொரு கப்பலை.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கெடு இருக்கிறது. உயிரிழப்புக்காகக் கப்பலின் மேல் இருக்கும் முன்னுரிமைப் பாத்தியதை, அதாவது மற்றக் கடன்காரர்களுக்கு முன்னால் அந்தக் கப்பலிலிருந்து பணம் பெறும் உரிமை, ஒரு வருஷத்தில் போய்விடும். நம் ஆட்கள் அந்த ஒரு வருஷத்தை எப்படிக் கழிக்கிறார்கள்? உடல் கிடைக்குமா என்று தேடுவார்கள். நாற்பத்தொன்றாம் நாள் சடங்கு கழியட்டும் என்பார்கள். அமைச்சர் வருவார், மனு கொடுப்பார்கள். போதாக்குறைக்கு, காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு வருஷம் ஆக வேண்டும் என்று தாலுகா ஆபீசில் யாராவது சொல்லிவிடுவார்கள். ஏழு வருஷம் ஒரு அனுமானத்துக்கான கணக்கு, அவ்வளவுதான். நடுக்கடலில் மோதல், படகு இரண்டாகப் போயிற்று, கூட இருந்தவர்கள் சாட்சி என்றால் மரணத்தை உடனேயே நிரூபிக்கலாம். ஓக்கி புயலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு ஏழு வருஷம் காக்க வைக்காமல்தான் தமிழக அரசு 20 லட்சம் கொடுத்தது. ‘மரணத்துக்கு ஆதாரமில்லை’ என்று எதிர்வாதம் வைக்க என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். எழுதித் தர மாட்டேன் என்று சொன்னேன். தர்மம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது நீதிபதிக்கு எரிச்சல் மூட்டுகிற வாதம்.

2012-இல் என்ரிகா லெக்ஸி கப்பலிலிருந்து இத்தாலியப் படையினர் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். 2020-இல் சர்வதேச நடுவர் மன்றத் தீர்ப்பு, 2021-இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றத்தில் முடிவு. இரண்டு அரசாங்கங்கள் மோதியதால் கிடைத்த தொகை அது. சாதாரண மோதலில் அந்த எண்ணை எதிர்பார்த்து உட்காரக் கூடாது.

சரி, டாக்டர்கள். இந்தப் பக்கம் நான் விரும்பியே நின்றேன். நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி 1838-இல் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் பல வருஷம் அங்கே அறுவை சிகிச்சை செய்திருக்கிறார். அப்படி ஒரு மாவட்டத்தில் இன்று சிறிய நர்சிங் ஹோம்கள் ஆபத்தான பிரசவம் என்றாலே ‘திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போங்க’ என்கின்றன. வழக்குப் பயம் அதற்கு ஒரு காரணம் என்று அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். களியக்காவிளை நெரிசலில் ஆம்புலன்சுக்குள் கிடப்பவளுக்கு அந்த எச்சரிக்கையால் என்ன லாபம்? 1995-இல் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், டாக்டர்மேல் குற்ற வழக்கு போட மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும், அதற்கும் முன்னால் சார்பில்லாத ஒரு மருத்துவரின் கருத்தைப் போலீஸ் வாங்க வேண்டும் என்றது. இரண்டும் சரியென்றே நினைக்கிறேன். (டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள், வக்கீல்கள் வெளியே என்று 2024-இல் தீர்ப்பு வந்தபோது எனக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லோரும் போன் செய்தார்கள். வாழ்த்துச் சொல்ல அல்ல.) எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி விஷயமென்றால் சிவில் கோர்ட்டுக்கோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கோ போக வேண்டும்.

இரண்டு துறைக்கும் சம்பந்தம் கேட்டீர்கள். அந்த நேரத்தில் எழுதப்பட்ட தாள்தான் சம்பந்தம். கப்பலில் அன்றாடப் பயணத்தைக் குறிக்கும் லாக் புத்தகம், ஆஸ்பத்திரியில் சிகிச்சையைக் குறிக்கும் கேஸ் ஷீட். ஒரு டாக்டர் நோட்டீஸ் வந்த பிறகு தன் கேஸ் ஷீட்டைக் கொண்டு வந்தார். இரவு இரண்டேகால் மணிக்குக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்ததாக ஒரு வரி. மற்றதெல்லாம் நீல மை, அது மட்டும் கறுப்பு. நோயாளி தரப்பு ஏற்கெனவே நகல் வாங்கியிருந்தது. கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. அவர்கள் நகலில் அந்த வரி இல்லை. அவர் செய்த சிகிச்சையில் பெரிய பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியோடு அந்த வழக்கை யாராலும் நடத்த முடியாது. வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்து, சமரசம் பேசச் சொன்னேன். கோபித்துக்கொண்டு வேறு வக்கீலிடம் போனார்.

சென்னையா கொச்சியா? நம் ஆட்கள் தொழில் செய்வது முனம்பத்திலும் நீண்டகரையிலும், கப்பல் பிடிபடுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அதனால் கொச்சி. மலையாளம் உங்களுக்கு வீட்டுப் பேச்சு மாதிரிதானே. அதற்கு முன் குழித்துறையிலோ நாகர்கோவிலிலோ ஒரு சீனியரிடம் சேர்ந்து சாட்சி விசாரணையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆபீஸ் அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை, அவர் தினமும் விசாரணை நடத்துகிறவராக இருந்தால் போதும்.

எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. நில்லுங்கள். மோதல் நடந்த செய்தி வந்தால் அன்றைக்கே கப்பலின் பயணப் பதிவுக் கருவியைப் பாதுகாக்கச் சொல்லிக் கடிதம் அனுப்புங்கள். பழைய கருவிகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பதிவு நிற்காது. படகில் ஜிபிஎஸ் பெட்டி மிஞ்சியிருந்தால் யாரும் ஆன் செய்து பார்க்க விடாதீர்கள். சர்வேயர் வந்து இடித்த இடத்தில் ஒட்டியிருக்கும் கப்பல் பெயின்டைச் சுரண்டி எடுக்கும் வரை படகைக் கழுவவோ பலகை மாற்றவோ கூடாது. எதிர்த்தரப்பில் நான் இருந்தால் முதல் குறுக்குக் கேள்வியே அதைப் பற்றித்தான் இருக்கும்.

அன்புடன்.