வலம்புரி, இடம்புரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மரக்கடைசல் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இரண்டு வருடமாகக் கிண்ணம், கைப்பிடி என்று கடைந்துகொண்டிருந்தவன், இப்போது முறுக்குத் தண்டு வைத்த மெழுகுவர்த்தித் தாங்கி ஒரு ஜோடி செய்து பார்த்தேன். 45 மி.மீ. விட்டத்தில் உருளை கடைந்து, அதன் மேல் ஒரு நூலைக் கண்ணளவாகச் சுற்றி, நூலை ஒட்டிக் கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவினேன். முறுக்கு வரும் பகுதி மட்டும் 184 மி.மீ. நீளம்.

மேடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கிறது. மேல் முனையில் முறுக்கு பாதியில் வெட்டுப்பட்டதுபோல் நிற்கிறது. ஒரு தண்டில் மேடு சிம்பு சிம்பாகப் பெயர்ந்துவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே பக்கம் சாய்வதுபோல் தெரிகிறது. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தும் அப்படியேதான் இருக்கிறது.

மரத்தில் பள்ளம் வெட்டும் மின்கருவியான ரவுட்டரை லேத்தின் மேல் ஓடவிடும் இணைப்புக் கருவி வாங்கினால் இதெல்லாம் சரியாகுமா? அடுத்து, நடுவில் வெளிச்சம் தெரிகிற திறந்த முறுக்கு செய்ய ஆசை. அதற்கும் வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கருவியை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் மூன்று, நூலைச் சுற்றிய அந்த நிமிடத்திலேயே வந்துவிட்டவை. ரம்பத்தின் மேலோ அரத்தின் மேலோ பழி போட முடியாது. சிம்பு பெயர்ந்தது மட்டும்தான் அரம் செய்த வேலை.

லேத் மரத்தைச் சுழற்றுகிறது, நாம் உளியைப் பிடிக்கிறோம், வட்டம் வருகிறது. முறுக்கோ ஒரு சுற்றுச் சுற்றும்போதே மேலேயும் ஏறிப்போவது. சாதாரண மரக்கடைசல் லேத்துக்கு அந்த ஏற்றம் தெரியாது. அதனால் உருளையைக் கடைந்து முடித்ததும் லேத்தின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அது மரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு வைஸ். கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. நான் இந்தக் கட்டத்தில் பிளக்கையே பிடுங்கி வைத்துவிடுவேன். ரம்பமும் கையும் மரத்தின் மேல் இருக்கும்போது மோட்டார் தவறிக்கூட ஓடக்கூடாது.

இனி கோடு. ஒரு முழுச் சுற்றில் முறுக்கு எவ்வளவு உயர்கிறதோ அது பிட்ச். ஒற்றைப் புரி, அதாவது ஒரே பள்ளம் சுற்றி ஏறும் முறுக்குக்கு பிட்ச் ஏறக்குறைய உருளையின் விட்டம் அளவு இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் விட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு முனையில் உதைக்கும். 184-ஐ 45-ஆல் வகுத்தால் நான்கு சுற்றுப் போக 4 மி.மீ. மிஞ்சும். எனவே நீளத்திலிருந்து தொடங்குங்கள். நான்கு சுற்று வேண்டும், 184-ஐ நான்கால் வகுத்தால் 46. அதுதான் உங்கள் பிட்ச். கீழே எந்தக் கோட்டில் தொடங்கியதோ அதே கோட்டில் மேலேயும் முடியும்.

உருளையின் நீளவாக்கில் நான்கு கோடுகள் போடுங்கள், கால் சுற்றுக்கு ஒன்று. உளி வைக்கும் தாங்கியையே அடிமட்டமாக வைத்துக்கொள்ளலாம். லேத்தில் சுற்றைப் பிரித்து நிறுத்தும் துளைகள் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் ஒரு காகிதப் பட்டையை உருளையில் ஒரு சுற்றுச் சுற்றி, சரியாகச் சந்திக்கும் இடத்தில் வெட்டி, நான்காக மடியுங்கள். மடிப்புகள்தான் கால் சுற்றுகள். பிறகு குறுக்கே வளையங்கள்: பிட்சில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 11.5 மி.மீ.க்கு ஒன்று. இப்போது உருளை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தின் கீழ் மூலையிலிருந்து அடுத்த கோட்டின் மேல் மூலைக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று மூலைவிட்டமாக ஏறிக்கொண்டே போங்கள். வளைவில் பென்சில் வழுக்காமலிருக்க மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் விளிம்பில் வரையலாம். இது பள்ளத்தின் கோடு.

நீங்கள் இங்கே நிறுத்திவிட்டீர்கள். மேட்டுக்கும் ஒரு கோடு வேண்டும். பள்ளக்கோடு தொடங்கிய இடத்துக்கு நேர் எதிர்ப்புறக் கோட்டிலிருந்து, வேறு நிறத்தில், அதேபோல் ஏறுங்கள். கடைசியாக உப்புத்தாள் போடும் வரை இந்த இரண்டாவது கோடு அழியவே கூடாது. அது இருக்கும் வரை இரண்டு பக்கமும் எவ்வளவு மரம் மிச்சம் என்று தெரியும். அது போய்விட்டால் கை தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமாகச் சாப்பிடும். மேடு தடித்தும் மெலிந்தும் வந்தது அதனால்தான்.

இரட்டைப் புரி வேண்டுமென்றால் எதிரெதிர்க் கோடுகளிலிருந்து இரண்டு பள்ளங்கள், இடையில் இரண்டு மேடுகள். பிட்சை விட்டத்தைப்போல் இரு மடங்காக்குங்கள். உங்கள் தண்டுக்கு இரண்டு சுற்று, 92 மி.மீ. பிட்ச், 23 மி.மீ.க்கு ஒரு வளையம்.

ஜோடி ஒரே பக்கம் சாய்வதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இரண்டுமே ஒரே கைப் புரி. தலைகீழாக்கினாலும் புரி மாறாது; வலப்பக்கம் ஏறும் முறுக்கு எப்படிப் பிடித்தாலும் வலப்பக்கமே ஏறும். சங்கில் வலம்புரி, இடம்புரி என்று பிரிக்கிறோமே, அந்த வேறுபாடு வடிவத்திலேயே இருப்பது. ஆகவே இரண்டாவது தண்டில் மூலைவிட்டங்களை எதிர்த்திசையில் இழுங்கள். கட்டம் அதேதான், கூடுதல் வேலை எதுவும் இல்லை. நடுவே ஒரு கண்ணாடி நிற்பதுபோல் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அதை முதன்முறை பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் உங்களுக்கும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அறுப்பது: நடுத்துளை இல்லாத இந்த முறுக்கில் விட்டத்தில் கால் பங்குக்கு மேல் ஆழம் போகாதீர்கள். 45 மி.மீ. தண்டுக்கு நான் 10 மி.மீ.யோடு நிறுத்துவேன். ரம்பத்தின் அலகில் அந்த உயரத்தில் டேப் ஒட்டிவிட்டால் அளந்துகொண்டே இருக்க வேண்டாம். இரு முனைகளிலும் கடைசிக் கால் சுற்றில் ரம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, பள்ளம் தானாக மேலேறி மறையும்படி விடுங்கள்.

அடுத்தது அரம். மரத்தின் நார் தண்டின் நீளவாக்கில் ஓடுகிறது, பள்ளம் அதைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. மேட்டின் விளிம்பில் இருக்கும் நார்களுக்குப் பின்னால் தாங்க ஒன்றும் கிடையாது. பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கித் தள்ளினால் அரம் அவற்றைக் கிளப்பிவிடும், சிம்பு பெயரும். கூரையில் மழைத்தண்ணீர் இறங்குவதுபோல எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குங்கள். பள்ளத்தின் இரண்டு சரிவுகளுக்கும் இதுதான் விதி. முதலில் ரம்பப் பிளவின் இரு ஓரங்களையும் சாய்த்து விரித்து, பிறகு உருண்டை அரத்தால் பள்ளத்தையும் தட்டை அரத்தால் மேட்டையும் வளைவாக்குங்கள். ஒரு சுற்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டாம். விரிப்பது, வளைவாக்குவது என்று ஒவ்வொரு வேலையையும் தண்டு முழுவதும் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை. காலையில் ராவிய கையும் மாலையில் ராவிய கையும் ஒன்றல்ல.

உப்புத்தாளுக்குத் துணி முதுகு உள்ளதைப் பட்டைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். தாளின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்ணில் 80, 120, 180, 240 என்று ஏறலாம். சிலர் லேத்தை மெதுவாக ஓடவிட்டுப் பட்டையைப் பள்ளத்தோடு நகர்த்துவார்கள். நான் செய்வதில்லை, உங்களுக்கும் சொல்லமாட்டேன். பட்டை சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

ரவுட்டர் கருவி வெட்டுவதைச் சீராக வெட்டும், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை சுற்று, எந்தப் பக்கம், எங்கே முடிவது என்பதை அதற்கும் நாம்தான் சொல்லவேண்டும். மேட்டை வளைவாக்குவதும் மெருகேற்றுவதும் பெரும்பாலும் கையில்தான் வந்து நிற்கும். ஐம்பது தண்டு செய்பவருக்கு அது லாபம். 1660க்குப் பின் இங்கிலாந்தில் நாற்காலி, மேசைக் கால்களில் இந்த முறுக்கு பரவியபோது மின்சார ரவுட்டர் ஏது?

திறந்த முறுக்குக்கு வருவோம். அங்கே பள்ளம் நடுத்துளையைத் தொட்டுத் திறந்துகொள்ள, புரிகள் தனித்தனியாக நிற்கும். எனவே துளை முதலில். சதுரக் கட்டையாக இருக்கும்போதே நடுவில் 16 மி.மீ. துளை போட்டு, இரு முனைகளிலும் மர ஆப்பு செருகி, அந்த ஆப்புகளின் மையத்தில் லேத்தில் ஏற்றி உருளையாக்குங்கள். துளை கொஞ்சம் விலகியிருந்தாலும் வெளிப்புறம் அதைச் சுற்றியே உருவாகும். உருளையைக் கடைந்துவிட்டுத் துளைத்தால், விலகிய துளையோடுதான் காலம் தள்ளவேண்டும். ஒற்றைப் புரி இதற்கு ஆகாது. இரட்டைப் புரி எடுங்கள், பிட்சும் விட்டத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையவேண்டாம். பிட்ச் குறுகக் குறுக ஒவ்வொரு புரியும் நாரை அதிகம் குறுக்கே வெட்டும், பிடித்துக்கொள்ள நீளமான நார் இருக்காது. நான் முதலில் செய்த திறந்த முறுக்கு 240 தாளில், எல்லாம் முடிந்த நேரத்தில், கையிலேயே முறிந்தது. பிட்ச் குறுகல், போதாததற்கு நார் பக்கவாட்டில் ஓடிய மரம். நேர் நார் உள்ள கட்டையாகப் பார்த்து எடுங்கள். இன்னொன்று: பள்ளம் திறந்துகொண்டதும், லேத்தில் மரத்தின் மறுமுனையை அழுத்திப் பிடிக்கும் வால்பக்க முனையின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். அதுவரை கட்டையாக இருந்தது இப்போது ஸ்பிரிங் மாதிரி, அழுத்தினால் வளையும்.

மெழுகுவர்த்திக் குழியையும், எந்த முறுக்கானாலும், பள்ளம் வெட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஒல்லி மெழுகுவர்த்திக்கு 22 மி.மீ. அளவு பொதுவாகப் பொருந்தும், ஆனால் உலோகக் கிண்ணம் வைக்கவேண்டும் என்பதால் கிண்ணத்தை அளந்தபின் துளையுங்கள். வெறும் மரக்குழியில் தீ வைக்கவேண்டாம். அடித்தட்டு அகலமாகவும் கனமாகவும் இருக்கட்டும், அதன் அடிப்பரப்பைச் சற்றுக் குடைந்துவிட்டால் ஆடாமல் விளிம்பில் நிற்கும்.

பழைய ஜோடியை எறியவேண்டாம். சிம்பு பெயராத தண்டில் மேட்டுக்கோட்டை இப்போது வரைந்து, தடித்த இடங்களை மட்டும் அந்தக் கோடு வரை ராவிப் பாருங்கள், பாதிக்கு மேல் சரியாகிவிடும். மேல் முனையை மட்டும் ஒன்றும் செய்யமுடியாது. புது மரத்தில் கை வைக்குமுன் ஓர் அட்டைக்குழலில் ஒரு முறை கட்டம் போட்டு வலம்புரியும் இன்னொன்றில் இடம்புரியும் வரைந்து பாருங்கள். படம் எடுத்து அனுப்பினால் கோட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்