பழைய செட்டிநாட்டு வீட்டில் அலுமினிய வயரிங்: மெயின் போர்டை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி இதுதான்: காரைக்குடிப் பக்கம் ஐயா காலத்து வீடு, உள்ளே ஓடுவது அலுமினிய வயர். பழைய மெயின் போர்டை எடுத்துவிட்டு எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) பெட்டி வைத்தால் போதும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். நம்பலாமா?

போதாது. நாங்கள் அதைச் செய்து பார்த்து மாட்டிக்கொண்டவர்கள்.

எங்கள் வீடு பள்ளத்தூர்ப் பக்கம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நான்கு பங்காளிகளுக்குப் பொது, வருஷத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கும். அப்பச்சியின் (அப்பாவின்) சாந்திக் கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்தபோது, முகப்பில் இருந்த இரும்பு மெயின் சுவிட்சையும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளையும் கழற்றிப் போட்டுவிட்டுப் பளிச்சென்று எம்சிபிகள் உள்ள ஒரு டிபி பெட்டி வைத்தோம். சாந்திக்கு முதல் நாள் கிரைண்டரும் மோட்டாரும் சேர்ந்து ஓடியதும் ட்ரிப் ஆனது. எலெக்ட்ரீஷியன் 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 மாட்டினார். அப்புறம் ட்ரிப் ஆகவில்லை, எல்லோருக்கும் சந்தோஷம்.

ராத்திரி இரண்டாங்கட்டில் மீன் கருகுகிற மாதிரி ஒரு நெடி. சாந்தி வீட்டில் யாரப்பா மீன் வறுக்கிறது என்று ஆத்தா சத்தம் போட்டார்கள். சுவிட்ச் போர்டுதான் வெந்துகொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் பின்னால் இருந்த தேக்குப் பலகையில் ஒரு ரூபாய் காசு அளவுக்குக் கரி. அந்த நேரத்தில் அந்த லைனில் ஓடியது 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ஒன்றுதான். ஆறரை ஆம்பியர். 32 இருக்கட்டும், பழைய 16 இருந்திருந்தாலும் ட்ரிப் ஆகியிருக்காது.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. எம்சிபிக்குத் தெரிவது எவ்வளவு கரண்ட் போகிறது என்பது மட்டும். வழியில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து அந்த இடம் பழுக்கக் காய்வது அதற்குத் தெரியாது. அலுமினியத்தில் பெரும்பாலும் கெடுவது வயரின் நடுப்பகுதி இல்லை, முனைகள். காற்றுப் பட்டதும் மேலே ஆக்சைடு படியும், அது கரண்டைச் சரியாகக் கடத்தாது. மெத்தென்ற உலோகம் வேறு, ஸ்க்ரூ அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும். சூட்டில் தாமிரத்தைவிட அதிகமாக விரியும், ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு முறையும் பிடி கொஞ்சம் தளரும், தளர்ந்த இடம் இன்னும் சூடாகும். அலுமினியத்தோடு தாமிர வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால், ஈரம் பட்டு அரிப்பும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை ஏராளமான வீடுகளுக்கு அலுமினியம் இழுத்தார்கள். 1972க்கு முந்தைய அலுமினிய வயர் ஓடும் வீட்டில் ஏதாவது ஓர் இணைப்பு தீப்பிடிக்கும் நிலைக்குப் போக, தாமிர வயர் வீட்டைவிட 55 மடங்கு வாய்ப்பு என்று பிறகு அங்கே ஆய்வில் சொன்னார்கள்.

நம் பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது தாமிரம் பெரும்பாலும் இறக்குமதி, அலுமினியமோ மேட்டூரிலேயே உருக்கினார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அலுமினியம் இல்லை. பழைய ரப்பர் உறை போட்ட தாமிர வயருக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். மெயினை நிறுத்தி, டெஸ்டரில் பார்த்துவிட்டு, கத்தியால் லேசாகச் சுரண்டினால் செம்பு நிறம் தெரியும். எங்கள் முகப்பில் அந்த வகை, உள்கட்டு முழுக்க அலுமினியம். ஆனாலும் அந்த ரப்பர் தொட்டாலே உதிர்ந்ததால் அதையும் எடுத்துவிட்டோம்.

இரண்டாம் முறை வேறொருவரைக் கூப்பிட்டோம், லைசென்ஸ் உள்ளவர். அவரும் முதலில், "சுவரைக் கொத்திப் பைப்பை உள்ளே விட்டு சிமென்ட் பூசிடலாம் தம்பி" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரை ஒருமுறை கொத்தினால் அந்தப் பளபளப்பு திரும்ப வராது. சிமென்ட் ஒட்டு சுண்ணாம்போடு சேராமல் தழும்பாக நிற்கும். பழைய வயர் தேக்கு ரீப்பர் மேல் கிளிப் அடித்துப் போயிருந்த அதே தடத்தில், உத்தரத்தின் மேல் விளிம்பை ஒட்டிப் பைப்பை வெளியிலேயே ஓட்டி மரத்தின் நிறம் அடித்தோம். வளவில் (நடுமுற்றத்தில்) நின்று பார்த்தால் சட்டென்று தெரியாது.

உள்ளே எல்லாம் தாமிரம்: லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., 6 ஆம்பியர் எம்சிபி. பவர் பிளக்குக்கு 2.5, எம்சிபி 16. ஏசிக்கு 4, எம்சிபி 20. எம்சிபி காப்பது வயரைத்தான், அதனால் வயருக்கு ஏற்ற அளவுதான் மாட்ட வேண்டும். ட்ரிப் ஆகிறதென்று பெரிதாக மாட்டச் சொல்பவரை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

ஒவ்வொரு பங்குக்கும் தனிப் பெட்டி, தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால், கசிவு என்று எடுத்துக்கொண்டு அது அணைத்துவிடும். போட்ட அன்று எதுவுமே நிற்கவில்லை, மாறி மாறி ட்ரிப். பார்த்தால் பழைய வயரிங்கில் மிச்சம் விட்டிருந்த இரண்டு அறைகளுக்கு ஃபேஸ் எங்கள் பங்கிலிருந்து, கரண்ட் திரும்பும் நியூட்ரல் பெரியப்பா பங்கிலிருந்து. பாகப்பிரிவினை நியூட்ரலுக்கு மட்டும் நடக்கவில்லை போல. அதைப் பிரிக்க இரண்டு நாள் ஆனது.

எர்த் என்று ஒன்று இருக்கவே இல்லை. வளவுத் தண்ணீர் வெளியேறும் இடத்தின் பக்கத்தில் குழி எடுத்து, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பைக் கரியும் உப்பும் போட்டு இறக்கினோம். நம் ஊர் மண் காய்ந்த மண், ஈரம் இருக்கும் மூலையாகப் பாருங்கள்.

இப்போது முழுக்க மாற்றப் பணம் இல்லையென்றால், அடுப்படி, மோட்டார், ஹீட்டர், ஏசி லைன்களை மட்டும் முதலில் தாமிரத்தில் புதிதாக இழுங்கள். அலுமினியத்தை லைட்டுக்கும் ஃபேனுக்கும் விட்டு 6 ஆம்பியரில் கட்டிப்போடுங்கள். சுவிட்சும் ஹோல்டரும் புதிதாக மாற்றி, முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கச் சொல்லுங்கள். இது தற்காலிகம்தான். கம்பத்திலிருந்து மீட்டருக்கு வரும் அலுமினிய சர்வீஸ் வயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது தடிமன். அது மின் வாரியத்தின் பாடு, நீங்கள் தொடக் கூடாது.

லோடு கூட்ட வேண்டுமானால் அதற்கு முதலில் வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். எங்கள் சர்வீஸ் இன்னும் ஐயா பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றப் பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதற்குள், வயரிங் வேலைக்கு ஆனதைவிட அதிக நாள் ஆகிவிட்டது. ஒருவர் மலேசியாவில் இருந்தார்.