ஹெட்போன் வாங்க விமர்சனத்தை நம்புவதா, காதை நம்புவதா?

காதையே நம்புங்க. ஆனால் கடையில் காது ஏமாறுவது சத்தத்தின் அளவில்தான். 1 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் ஹெட்போன் "சத்தம் அதிகம்" என்று தோன்றாது, பெரும்பாலும் "தெளிவாக இருக்கு" என்றே தோன்றும். அதனால் பாடகர் குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமை வைத்த பிறகே ஒப்பிடுங்க. பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அணைத்துவிடுங்க.

கோவை கிராஸ்கட் ரோட்டுக் கடை என்றால் கூட்டமில்லாத காலையில் போங்க. தெரு இரைச்சலில் பேஸ் (அடித்தள ஒலி) அமுங்கிப்போய், பேஸ் தூக்கலான மாடலே நல்லதாகப் படும்.

நன்கு பழகிய பாட்டுகளையே போட்டுக் கேளுங்க. நம்மூர் ஜமாப் மேளப் பதிவு இருந்தால் ரொம்ப நல்லது: அடி விழுந்ததும் அதிர்வு சட்டென்று அடங்குகிறதா, கொழகொழவென்று இழுக்கிறதா என்று பாருங்க. குரலில் 'ஸ' காதைக் குத்தினால் அந்த மாடலே வேண்டாம். நேரம் போகப் போக அலுப்புத்தான் மிஞ்சும்.

பேஸே இல்லையென்றால் உடனே ஒதுக்காதீங்க. மூக்குக்கண்ணாடிக் காம்பு ஹெட்போனின் காது மெத்தையைத் தூக்கி இடைவெளி விட்டிருக்கலாம். கையால் லேசாக அழுத்திப் பாருங்க. பேஸ் வந்தால் குறை பொருத்தத்தில்தான்.

300 ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) உள்ள மாடல்களுக்குப் பெரும்பாலான போன்களின் திறன் பத்தாது. ஆம்ப் (ஒலி பெருக்கும் கருவி) செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்க.