குளிர் ஏரிக் கப்பல்கள்: கேட்டதும் சொன்னதும்

நான் மண்டபத்துக்காரன். பிழைப்பு கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில். அங்கே ஹூரான் ஏரிக்கு அடியில் கிடக்கும் பழைய கப்பல்களைப் பார்க்க முங்குகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். நம்ம ராமநாதபுரம் கடற்கரை ஆட்கள் இதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன், கேள்வி குவிந்துவிட்டது. விசா, வேலை பற்றிக் கேட்டதையெல்லாம் தள்ளிவிட்டேன்.

தொண்டித் தம்பி: நம்ம கடல்ல மூழ்கின வல்லம் கொஞ்ச வருஷத்துல காணாமப் போயிடுது. அங்க நூறு வருஷத்துக்கு மேலான மரக்கப்பல் முழுசா இருக்குன்னா நம்பலாமா?

நம்பலாம். நம்ம கடலில் மரத்தைத் தின்பது கப்பல் புழு. பலகைக்குள் துளை போட்டுக்கொண்டே போகும், வெளியே பார்த்தால் பலகை நன்றாகத்தான் இருக்கும், விரலால் அழுத்தினால் பொக்கென்று உள்ளே போய்விடும். அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும், ஹூரான் ஏரியோ நன்னீர். அதோடு குளிர். ஆழத்தில் வருஷம் முழுக்க 4 டிகிரி பக்கம்தான் இருக்கும், மரத்தை மக்க வைக்கும் கிருமிகள் அந்தக் குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

டோபர்மோரி என்ற ஊரில் ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்று ஒரு பாய்மரக் கப்பல் கிடக்கிறது. 1867இல் கட்டியது. 1885இல் அடிபட்டு, துறைமுகத்துக்கு இழுத்து வந்த பிறகு அங்கேயே மூழ்கிவிட்டது. ஆறு மீட்டர் ஆழம்தான், படகில் நின்று எட்டிப் பார்த்தாலே தளம் தெரியும், முன்பக்கத்தில் நங்கூரச் சங்கிலியைச் சுற்றும் மர உருளை தெரியும். அந்த இடம் முழுவதும் 1987இலிருந்து ஃபாதம் ஃபைவ் என்ற கடல்சார் தேசியப் பூங்கா. இருபதுக்கும் மேல் கப்பல்கள் இருக்கின்றன. பதிவு செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஆனால் அங்கேயும் ஒரு தொல்லை வந்துவிட்டது. 1980களின் கடைசியில், வெளிநாட்டுக் கப்பல்கள் ஆடாமல் நிற்க அடியில் நிரப்பி வந்து கொட்டிய தண்ணீரோடு வரிக்குதிரைச் சிப்பி என்ற சின்னச் சிப்பி ஏரிகளுக்குள் புகுந்தது. தண்ணீரை வடிகட்டித் தின்பதால் முன்னைவிட இப்போது தெளிவாகத் தெரிகிறது, முங்குகிற எங்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் மரத்தின் மேல் கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டு, எழுத்து, செதுக்கு வேலை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. எனக்கு அதன் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

ஏர்வாடியிலிருந்து: கப்பல்ல தங்கம் இருக்குமா?

நிலக்கரி, கோதுமை, இரும்புத் தாது, மரக்கட்டை.

உச்சிப்புளி தங்கச்சி: 4 டிகிரின்னா ஐஸ் தண்ணி மாதிரிதானே, எப்படித் தாங்குவீங்க?

தாங்குவதில்லை, தண்ணீர் உடம்பில் படாமல் பார்த்துக்கொள்கிறோம். உடம்போடு ஒட்டிப் போடும் வெட்சூட்டில் உள்ள ரப்பர் நுரை ஆழம் போகப் போக அழுத்தத்தில் மெலிந்துவிடும், எந்த இடத்தில் சூடு அதிகம் தேவையோ அங்கேதான் கைவிடும். அதனால் டிரைசூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கி அடைத்த உடை, உள்ளே தடித்த கம்பளித் துணி, அதற்குள் கொஞ்சம் காற்று. கோடையில் ஏரியின் மேல்பரப்பு இதமாக இருக்கும், சட்டென்று ஒரு கோட்டுக்குக் கீழே போனதும் முகத்தில் அறைந்த மாதிரி குளிர் மாறும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் வேகமாக மூச்சு வாங்கத் தோன்றும். அங்கேயே நின்று மூச்சு ஒழுங்காகும் வரை காத்திருக்க வேண்டும், யாருக்காகவும் அவசரப்படக் கூடாது.

தங்கச்சிமடத்திலிருந்து: ஆக்சிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

உள்ளே இருப்பது சாதாரணக் காற்று. தனி ஆக்சிஜனை சுமார் ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம். எவ்வளவு நேரம் வரும் என்பது ஆழத்தைப் பொறுத்தது: 30 மீட்டரில், மேலே ஆவதைப்போல் நாலு மடங்கு காலியாகும்.

ராமேஸ்வரம் அண்ணன்: குளிர்ல ரெகுலேட்டர் உறைஞ்சு போகும்னு கேள்விப்பட்டேன். உண்மையா? உறைஞ்சா காத்து நின்னுடுமா?

நல்ல கேள்வி அண்ணே, இதற்குத்தான் காத்திருந்தேன். ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி. உறைந்தால் காற்று நிற்காது, நேர்மாறாக நடக்கும். சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் என்பது மேலே நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவு) அழுத்தத்தில் இருக்கும் காற்றை முதல் கட்ட வால்வு சடாரென்று பத்து பார் அளவுக்கு இறக்குகிறது. விரிகிற காற்று குளிர்ந்துபோகும், சமையல் கேஸ் வேகமாக வெளியேறும்போது வால்வில் பனி படிவதைப்போல. வெளியே தண்ணீரே 4 டிகிரி என்றால், வால்வைச் சுற்றியுள்ள நன்னீர் அப்படியே ஐஸாகி அதைத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் காற்று நிற்காமல் வாயிலும் வெளியிலும் கொப்பளிக்கும், முழு சிலிண்டரும் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். கடல் தண்ணீர் உறைய பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி பக்கம் போக வேண்டும், நன்னீர் பூஜ்யத்திலேயே உறைந்துவிடும். ஏரியில் இது கூடுதல் ஆபத்து.

என்ன செய்ய வேண்டும்? தண்ணீர் உள்ளே புகாதபடி அடைத்த, குளிருக்கென்று செய்த ரெகுலேட்டரே வாங்குங்கள். பனிக்காலத்தில் படகில் நின்றுகொண்டு அதில் மூச்சு விட்டுப் பார்க்காதீர்கள், வாயின் ஈரமே உள்ளே உறையும். மூச்சு இழுத்துக்கொண்டே உடைக்குக் காற்று அடிக்காதீர்கள், ஒன்று முடிந்து அடுத்தது. இரண்டு தனி வால்வு, இரண்டு தனி ரெகுலேட்டர் வேண்டும்: ஒன்று பொங்கினால் அதை மூடிவிட்டு மற்றதற்கு மாறி, கூட்டாளியோடு மேலே வந்துவிட வேண்டும். இதை ஆழமில்லாத இடத்தில் பழகாமல் கீழே போகாதீர்கள். இன்னொரு தடவை சொல்கிறேன், பழகாமல் போகாதீர்கள்.

பாம்பன் அண்ணன்: கம்ப்ரசர் ஓஸ் வச்சு வருஷக்கணக்கா 15 பாகம் வரை சங்கு எடுக்கிறோம். கப்பலைப் பார்க்க எங்களுக்கு எதுக்கு பயிற்சி கிளாஸ்?

அண்ணே, 15 பாகம் என்றால் 27 மீட்டர், சும்மா இல்லை. ஆனால் தாத்தா காலத்தில் மூச்சடக்கி முங்கியது வேறு. மேலே இழுத்த காற்று கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். படகில் உள்ள கம்ப்ரசர் அனுப்பும் ஓஸிலோ ரெகுலேட்டரிலோ கீழே இழுப்பது அழுத்தமான காற்று. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காகும், நுரையீரல் கிழியும். மூச்சடக்கும் பழக்கம் உள்ளவர்தான் சிலிண்டர் கட்டி முங்கும் ஸ்கூபாவில் முதலில் அடிபடுவார்.

அவரே: மூட்டு வலி வந்தா திரும்ப இறங்கி கொஞ்ச நேரம் இருந்துட்டு வருவோம், போயிடும். அதுக்கு என்ன சொல்றீங்க?

போன மாதிரி இருக்கும். அழுத்தமான காற்றை இழுக்கும்போது உடம்பில் கரைந்து ஏறும் நைட்ரஜன், மேலே வரும்போது குமிழியாகக் கிளம்பும். திரும்ப இறங்கினால் அந்தக் குமிழி அழுத்தத்தில் சுருங்குவதால் வலி அடங்கும், ஆனால் கீழே இருக்கும் நேரத்தில் இன்னும் நைட்ரஜன் ஏறும். அடுத்த முறை மேலே வரும்போது குமிழி முதுகுத்தண்டில் போய் நின்றால் கால் விழுந்துவிடும். வலி வந்தால் படுக்க வையுங்கள், ஆக்சிஜன் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். திரும்பத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

கீழக்கரைப் பெரியவர்: முத்துக்குளிச்ச காலத்துல யாருக்கு தம்பி இந்த வலி வந்துச்சு? எல்லாம் இப்போ வந்த கதை.

காக்கா, அவர்கள் கல்லைப் பிடித்து இறங்கி ஒரே மூச்சில் மேலே வந்தவர்கள், கீழே இருந்ததே கொஞ்ச நேரம். ஓஸில் ஒரு மணி நேரம் இருப்பதும் அதுவும் ஒன்றா?

வேதாளை தங்கச்சி, நர்ஸ்: கால் வராம தூக்கிட்டு வருவாங்கண்ணே. கேட்டா கீழே விழுந்துட்டார்னு சொல்வாங்க, முங்கினதைச் சொல்லவே மாட்டாங்க.

இதைத்தான் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். டாக்டரிடம் முதல் வார்த்தையாக எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அவர் எலும்பைத்தான் தேடுவார்.

பாம்பன் அண்ணன்: சொன்னா கேஸ் ஆயிடும்.

பயம் புரிகிறது. கேஸை அப்புறம் பார்க்கலாம் அண்ணே, கால் திரும்பி வராது. குளிர் ஏரியில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். கீழே வேலை செய்து உடம்பு சூடாக இருக்கும்போது நைட்ரஜன் சரசரவென்று ஏறும், மேலே வரும்போது குளிரில் ரத்தம் சுண்டி, ஏறியது இறங்காது. அதனால்தான் கைவிரல் விறைப்பதற்கு முன்பே திரும்புகிறோம்.

கம்ப்ரசர் பேச்சு போதும், கப்பலுக்கு வருவோம். (இதை எழுதிய பிறகும் கம்ப்ரசர் பற்றியே ஏழெட்டு வந்திருக்கின்றன. எல்லாருக்கும் அதே பதில்தான்.)

தேவிபட்டினம் மாப்பிள்ளை: உள்ளே நுழைஞ்சு பார்க்கலாமா?

ஸ்வீப்ஸ்டேக்ஸுக்குள் நுழைய அனுமதி இல்லை. மற்றவற்றில் தனிப்பயிற்சி இல்லாமல் தலையைக்கூட நீட்டாதீர்கள். உள்ளே மாவு மாதிரி வண்டல் படிந்திருக்கும், துடுப்பு ஒரு தடவை தட்டினால் விளக்கு வெளிச்சமே தெரியாது. வாசலிலிருந்து கயிறு கட்டிக்கொண்டு போக வேண்டும், காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. பழைய கப்பலில் கிழிந்த நைலான் நரம்பு வலை சிக்கியிருப்பதும் உண்டு. தண்ணீருக்குள் அது கண்ணுக்குத் தெரியாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கத்தி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சோளம் ஏற்றிப் போய் 1884இல் மூழ்கிய அரேபியா என்ற கப்பல் சுமார் 35 மீட்டரில் கிடக்கிறது, பார்க்க அவ்வளவு அழகு, முங்கப்போன பலர் அங்கே இறந்திருக்கிறார்கள். அந்த ஆழத்தில் நைட்ரஜனே லேசாகப் போதை ஏற்றும்.

எஸ்.பி. பட்டினத்திலிருந்து: ஒரு தட்டு, ஒரு கப்பல் மணி எடுத்துட்டு வந்தா யாருக்குத் தெரியும்? நம்ம வலையில வந்தா நம்மளுதுதானே?

உங்களுடையது இல்லை. ஒன்டாரியோவில் சட்டப்படி குற்றம். 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது, ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 1995இல் அதன் மணியை மேலே எடுத்தது குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால். அதே இடத்தில் இறந்தவர்கள் பெயர் பொறித்த வேறொரு மணியை வைத்துவிட்டு வந்தார்கள். இப்போது அனுமதியில்லாமல் அங்கே முங்க முடியாது.

மறுபடி ஏர்வாடி: வெள்ளியாவது?

மேலே பாருங்கள்.

நீச்சல் தெரியாது, முங்கலாமா? (இதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்)

முதலில் நீச்சல்.

மண்டபத்துத் தம்பி: கடல்ல போடுற ஈயத்தை அங்கேயும் போடலாமா?

மிதக்காமல் கீழே இறங்க உடம்பில் கட்டும் ஈயம்தானே, அதே உடை என்றால் குறையும். உப்பு இல்லாததால் தண்ணீர் இரண்டரை சதவீதம் லேசு, ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் சுமார் இரண்டரை கிலோ ஈயத்தைக் கழற்றலாம். ஆனால் டிரைசூட் போட்டால் உள்ளே உள்ள காற்றுக்காக நிறையக் கூட்ட வேண்டிவரும். அதனால் கணக்கை நம்பாதே, நெஞ்சளவுத் தண்ணீரில் காலி சிலிண்டரோடு மிதந்து பார்த்து முடிவு பண்ணு.