தோல் பயாப்சியில "நரம்புக் கட்டியா, மெலனோமாவா"ன்னு ரெண்டையும் எழுதியிருந்தா என்ன அர்த்தம்?

உங்க மாமனாருக்கு காதோரம் தழும்பு மாதிரி கெட்டியா ஒரு திட்டு, பயாப்சி ரிப்போர்ட்ல எஸ்-100 பாசிட்டிவ், மெலன்-ஏ நெகட்டிவ் (ரெண்டும் கட்டி எந்த வகை செல்லுன்னு பார்க்க லேப்ல போடற ஸ்டெயின்), "நரம்பு உறைக் கட்டி அல்லது டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமா"ன்னு இருக்கு, மெலன்-ஏ நெகட்டிவ்னா மெலனோமா இல்லைன்னு எடுத்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

எடுத்துக்காதீங்க. மெலனோமாங்கறது நிறமி செல்லுல வர்ற புற்று, டெஸ்மோபிளாஸ்டிக்ங்கறது அதுல தழும்பு மாதிரி நார் நாரா வளர்ற ஒரு வகை. நான் ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல பேத்தாலஜிஸ்ட்டா இருக்கேன், வெயில்ல அடிபட்ட வெள்ளைத் தோல்தான் இங்க தினமும் மைக்ராஸ்கோப்புக்கு அடியில வரும், அதனால அடிச்சே சொல்றேன், டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவுல மெலன்-ஏ, எச்எம்பி-45ங்கற இன்னொரு மெலனோமா ஸ்டெயின் ரெண்டுமே நெகட்டிவா வர்றது சகஜம். மெலனோமான்னாலே கறுப்பா இருக்கும்னு நினைப்போம், இது பெரும்பாலும் தோல் நிறத்துலயே, தொட்டா கெட்டியா, பழைய தழும்பு மாதிரி இருக்கும். வயசான ஆண்கள், தலை, கழுத்து, இதுதான் இதோட வழக்கமான இடம். 1971ல கான்லி, லாட்டஸ், ஓர் மூணு பேரும்தான் இதை முதல்ல தனியா எழுதினாங்க.

குழப்பத்துக்குக் காரணம் பிறப்புலயே இருக்கு. நிறமி செல்லும் நரம்பைச் சுத்தியிருக்கிற ஷ்வான் செல்லும் கருவுல ஒரே இடத்துல இருந்து, நியூரல் கிரெஸ்ட்ல இருந்து வருது. அதனால எஸ்-100, சாக்ஸ்-10ங்கற ஸ்டெயின்கள் ரெண்டு வகைக் கட்டியிலயும் பிடிக்கும், போதாததுக்கு இந்த மெலனோமா நரம்பையே சுத்திக்கிட்டு உள்ள போகும்.

ஆனா எவ்வளவு பிடிக்குதுங்கறதுல விஷயம் இருக்கு. மெலனோமாவுல எஸ்-100, சாக்ஸ்-10 கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் பிடிக்கும். வழக்கமான நரம்பு உறைப் புற்றுல (புற்றா இருக்கிற நரம்பு உறைக் கட்டி) அங்கங்க திட்டுத் திட்டா இருக்கும், சில சமயம் சுத்தமா இருக்காது. அதுவும் அது பொதுவா ஆழத்துல, பெரிய நரம்பை ஒட்டி வர்ற கட்டி, பாதி கேஸ் வரைக்கும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1ங்கற, நரம்புல கட்டிகள் வர்ற மரபணு நோய் இருக்கிறவங்களுக்கு வருது, தோலுக்குள்ளயே ஆரம்பிக்கிறது ரொம்ப அபூர்வம். அதனால வெயில் பட்ட தோல்ல ஸ்பிண்டில் செல் (நீளமா, ரெண்டு முனையும் கூர்மையா இருக்கிற செல்) கட்டி, எஸ்-100 முழுசா பாசிட்டிவ்னா, வேற ஏதாவதுன்னு நிரூபிக்கிற வரைக்கும் மெலனோமான்னுதான் நான் பார்ப்பேன். மேல் தோல்ல மெலனோமா இன் சிட்டு (மேல் தோலைத் தாண்டாத ஆரம்ப மெலனோமா) இருக்கா, கொலாஜன் நாருக்கு நடுவுல லிம்ஃபோசைட்ங்கற வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமா இருக்கான்னும் தேடுவேன், இது ரெண்டும் கிடைச்சா நரம்புக் கட்டிங்கற சந்தேகம் பெருசா குறைஞ்சிடும். எச்3கே27எம்இ3ன்னு ஒரு ஸ்டெயினும் இருக்கு, அது முழுசா காணாம போயிருந்தா நரம்பு உறைப் புற்று பக்கம் சாயும், டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவுல பொதுவா அப்படியே இருக்கும், ஆனா இருக்குங்கறதை மட்டும் வச்சு நரம்புக் கட்டியை விலக்க முடியாது.

ஜீன் டெஸ்ட் பண்ணி என்எஃப்1ல (நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1க்குக் காரணமான ஜீன்) மியூட்டேஷன்னு வந்தாலும் அதை வச்சு நரம்புக் கட்டின்னு முடிவு பண்ணிடக்கூடாது, ஏன்னா டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவுலயும் அதே ஜீன் அடிக்கடி கெட்டிருக்கும். அங்க பார்க்க வேண்டியது மொத்த மியூட்டேஷன் எண்ணிக்கையும் அதுல புற ஊதாக் கதிரோட தடமும். வெயில் தடம் நிறைய இருந்தா மெலனோமாதான்.

இதை இவ்வளவு வலியுறுத்தறதுக்குக் காரணம் சிகிச்சை. நரம்பு உறைப் புற்றுக்கு அகலமா வெட்டி எடுக்கிற ஆபரேஷன்தான் முக்கியம், மருந்துக்கு சரியா கேட்காது. டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமா பரவியிருந்தாக்கூட பிடி-1 தடுப்பு மருந்துக்கு (புற்றோட சண்டை போட உடம்போட எதிர்ப்பு சக்தியை அவிழ்த்து விடற மருந்து) நல்லா கேட்குது, 2018ல வந்த ஆய்வுல 60 பேர்ல 70 சதவீதம் பேருக்கு கட்டி சுருங்கிச்சு. பேரை மாத்தி எழுதினா அந்த மருந்து கைக்கு வராமலே போயிடலாம்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, எடுத்தது மேலோட்டமான ஷேவ் பயாப்சியான்னு கேளுங்க, அப்படின்னா ஆழமா இன்னொண்ணு எடுக்கச் சொல்லுங்க. மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கி மெலனோமா நிறைய பார்க்கிற தோல் பேத்தாலஜிஸ்ட்கிட்ட ரெண்டாவது அபிப்ராயத்துக்கு அனுப்புங்க. கூடவே எழுதிக் குடுங்க, அந்த இடத்துல முன்னாடி ஏதாவது மச்சம் எடுத்திருக்காங்களா, உடம்புல காப்பி கலர் தேமல் நிறைய இருக்கா, குடும்பத்துல யாருக்காவது நியூரோஃபைப்ரோமடோசிஸ் இருக்கான்னு.