செயின் சாவில் கரி ஏன் படிகிறது? எண்ணெய்க் கலவை, டியூனிங் பற்றிய கேள்வி பதில்

டூ-ஸ்ட்ரோக் செயின் சா வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை கரியைப் பற்றியவை. பலரும் பழியை எண்ணெயின் மேல் போட்டு, அதைக் குறைக்கப் பார்க்கிறார்கள். அந்த வைத்தியத்தால் பாழான சிலிண்டர்களைப் பட்டறையில் அடிக்கடி பார்ப்பதால், சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பட்டுக்கோட்டை: 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுக்க வாங்கிய மெஷின். சைலன்சர் அடிக்கடி அடைக்கிறது. லிட்டருக்கு 20 மி.லி. ஊற்றுகிறோம். 12 மி.லி.யாகக் குறைத்தால் கரி நிற்குமா?

குறைக்காதீர்கள். இந்த இன்ஜினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் ஊசி பேரிங், பிஸ்டன், ரிங் எல்லாவற்றுக்கும் பெட்ரோலோடு வரும் அந்த 20 மி.லி.தான் உயிர். நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் இன்ஜினில் அதையும் குறைத்தால், கரி நிற்பதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கரி எண்ணெயால் மட்டும் வருவதில்லை. சரியாக எரியாத பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து, சூடு போதாத இடத்தில் ஒட்டிக்கொள்வதுதான் கரி. எனவே மூன்றைப் பாருங்கள். எண்ணெய் என்ன தரம்? கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் எச் ஸ்க்ரூ எவ்வளவு திறந்திருக்கிறது? ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே மெஷினை ஐட்லிங்கில் விட்டுவைக்கிறீர்களா? துண்டுகளை இழுத்துப் போடும் நேரமெல்லாம் மெஷின் ‘தடதட’வென்று ஓடிக்கொண்டிருந்தால், சைலன்சர் சூடேறாமல், எரியாத எண்ணெய் ஈரமாகவே சைலன்சரிலுள்ள கம்பி வலையில் போய் உட்காரும். முழு த்ரோட்டிலில் அறுக்கும்போது வரும் புகையின் சூடு, அந்த ஈரத்தில் பெரும்பகுதியை எரித்துவிடும். அறுக்காத நேரத்தில் அணைத்துவிடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை, பலன் பெரிது.

புதுக்கோட்டை: நான் லிட்டருக்கு 40 மி.லி. ஊற்றுகிறேன். கூடுதல் எண்ணெய், கூடுதல் பாதுகாப்புதானே?

பேரிங்குக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கார்புரேட்டரின் ஜெட் துளை வழியே போவது கலவை என்பதை மறக்கக்கூடாது. எண்ணெய் கூடினால் அதே அளவில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. 50:1 கலவையில் (லிட்டருக்கு 20 மி.லி.) பெட்ரோல் சுமார் 98 சதவீதம், 25:1 கலவையில் (லிட்டருக்கு 40 மி.லி.) சுமார் 96. அதாவது எண்ணெயை இரட்டிப்பாக்கியதும் இன்ஜின் ஏறக்குறைய 2 சதவீதம் ‘லீன்’ ஆகிறது, அதாவது காற்றுக்கு வேண்டிய பெட்ரோல் குறைகிறது. விகிதத்தை மாற்றினால் எச் ஸ்க்ரூவையும் திரும்பப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எண்ணெயை மட்டும் கூட்டியவர்களுக்குக் கரியும் வரும், சூடும் ஏறும்.

சில கம்பெனிக் கையேடுகளில் தங்கள் எண்ணெய்க்கு 50:1 என்றும் மற்றவற்றுக்கு 25:1 என்றும் போட்டிருப்பார்கள். உங்கள் மெஷினின் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள். நல்ல எண்ணெய் வாங்கி 50:1-ல் போடுவது, மட்டமான எண்ணெயை 25:1-ல் ஊற்றுவதைவிட எப்போதும் மேல்.

நாகப்பட்டினம்: படகு இன்ஜினுக்கு வாங்கிய டிசி-டபிள்யூ3 எண்ணெய் வீட்டில் நிறைய இருக்கிறது. இதையே போடலாமா?

வேண்டாம். அவுட்போர்டு இன்ஜினைத் தண்ணீர் குளிர்விக்கிறது. செயின் சாவைக் குளிர்விப்பது காற்று, அதுவும் மரத்தூள் அடைத்த இறக்கைகள் வழியாக. பிஸ்டன் சூடு அதில் மிக அதிகம். அந்தச் சூட்டில் ரிங் காடியைச் சுத்தமாக வைத்திருக்கும் சேர்மானங்கள் படகு எண்ணெயில் இல்லை. ரிங் காடியில் பழுப்புப் பிசின் ஏறும், ரிங் ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் குறையும்.

டப்பாவில் ஜாஸோ எஃப்டி அல்லது ஐஎஸ்ஓ ஈஜிடி என்று இருக்கிறதா பாருங்கள். ஜப்பானியர்களின் இந்த ஜாஸோ தரத்தில் வழுக்கும் தன்மை, சுத்தம் செய்யும் திறன், புகை, சைலன்சர் அடைப்பு ஆகிய நான்கையும் சோதிக்கிறார்கள். எஃப்பி என்பது கீழ்ப்படி. எஃப்சி-யில் புகையும் அடைப்பும் வெகுவாகக் குறையும். எஃப்டி-யில் அதோடு சூட்டில் சுத்தம் செய்யும் திறனும் கூடுதல். செயின் சாவுக்கு நான் எஃப்டி-க்குக் கீழே இறங்குவதில்லை.

பெயர் வேண்டாம்: அவசரத்துக்கு பைக்கில் ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயில்?

கூடவே கூடாது. ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயில் எரிவதற்காகச் செய்ததல்ல. அதிலுள்ள கால்சியம், துத்தநாகச் சேர்மானங்கள் எரிந்தால் சாம்பலாகி பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் கெட்டியாக ஒட்டும். அன்று வேலையை நிறுத்திவிட்டு, கடை திறந்ததும் டூ-ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயில் வாங்கிவாருங்கள்.

சேலம்: பழைய ரேஸ் பைக்குகளில் விளக்கெண்ணெய் போடுவார்களாமே?

போட்டார்கள். சூட்டில் அதன் படலம் சுலபத்தில் அறாது. ஆனால் பசை மாதிரி அரக்கு விடும் என்பதால் அடிக்கடி இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். தினமும் மரம் அறுப்பவருக்கு அது சரிப்படாது.

தென்காசி: அண்ணா, எச் ஸ்க்ரூவை எங்கே நிறுத்துவது? பிளக் நிறம் பார்த்தால் போதுமா?

தம்பி, ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய், டேங்கிலுள்ள பெட்ரோல் ஃபில்டரைப் பார், இன்ஜினைச் சூடாக்கு. அடைத்த ஏர் ஃபில்டரோடு டியூன் செய்தால், பிறகு அதைச் சுத்தம் செய்த அன்றே மெஷின் லீன் ஆகிவிடும்.

முதலில் குறைந்த வேகத்துக்கான எல் ஸ்க்ரூ: த்ரோட்டிலை அழுத்தியதும் தயங்காமல் எழ வேண்டும். அடுத்து ஐட்லிங் ஸ்க்ரூ: விட்டதும் செயின் நிற்க வேண்டும். கடைசியில்தான் எச். வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். கால் சுற்றுகூட இதில் பெரிய அளவு.

காதால் கேட்பதுதான் இதில் முக்கியம். மரத்தில் வைக்காமல் முழு த்ரோட்டில் கொடுத்தால், சத்தம் ஒரே சீராக விசில் போல ஏறக்கூடாது. இடையிடையே கரகரப்பு கலந்து வர வேண்டும். பெட்ரோல் சற்று மிகுந்து, ஒவ்வொரு சுற்றிலும் சரியாக எரியாததால் வருவது அது. அப்படியே மரத்தில் இறக்கு. பாரம் ஏறியதும் கரகரப்பு மறைந்து சத்தம் தெளிந்துவிட வேண்டும். மரத்திலும் கரகரத்தால் பெட்ரோல் அதிகம்: கரி ஏறும். வெறும் காற்றிலேயே தெளிந்த கீச்சுச் சத்தம் வந்தால் குறைவு: உடனே த்ரோட்டிலை விடு, எச்-ஐ இடப்பக்கம் திருப்பு. ஒரு எச்சரிக்கை: சில மெஷின்களில் சுற்று எல்லை மீறாமல் இக்னிஷனே வெட்டும், அந்தச் சத்தமும் கரகரப்பு மாதிரியே கேட்கும். அங்கே சுற்றை அளக்கும் டேகோமீட்டர் வைத்து, கையேட்டில் உள்ள சுற்றுக்கு வை. எம்-ட்ரானிக், ஆட்டோடியூன் வகைகளில் இந்த வேலையைக் கார்புரேட்டரே செய்துகொள்ளும்.

பிளக் நிறம் ஓரளவுக்குத்தான் சொல்லும். ஐட்லிங்கில் விட்டு அணைத்த மெஷினின் பிளக் எப்போதும் கறுப்பாகவே இருக்கும். நான் நம்புவது பிஸ்டனை. சைலன்சரைக் கழற்றி, கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனைக் கீழே இறக்கி, புகைத் துவாரம் வழியே டார்ச் அடித்துப் பார். பிஸ்டன் தலை முழுக்கக் கரி பூசியிருக்க, புதிய கலவை சிலிண்டருக்குள் வந்து விழும் ஓரங்களில் மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெளிறிய திட்டுகள் தெரியும். திட்டு அளவாக இருந்தால் டியூனிங் சரி. தலை முழுக்க ஈரக் கறுப்பும் பெரிய திட்டும் இருந்தால் பெட்ரோல் அதிகம். திட்டே இல்லாமல், வறண்டு பழுப்பேறி இருந்தால் லீன். துவாரத்துப் பக்கப் பிஸ்டன் சுவரில் நெட்டுக்குக் கீறல் தெரிந்தால் மெஷினை ஓட்டாதே.

கோத்தகிரி: மேட்டுப்பாளையத்தில் டியூன் செய்து வாங்கிய மெஷின். ஊட்டியில் சில்வர் ஓக் அறுக்கும்போது புகையும் கறுப்பும். எண்ணெய் மாற்ற வேண்டுமா?

எண்ணெயில் குறை இல்லை, உயரத்தில்தான் இருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாததால் கறுப்பு. எச்-ஐச் சற்று வலப்பக்கம் திருகினால் தெளியும். ஆனால் அதே மெஷினைக் கீழே எடுத்துவரும்போது மறக்காமல் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். மேலே சரியாக இருந்தது கீழே லீன். ஊட்டியில் வருவது கரிதான், துடைத்துவிடலாம். மேட்டுப்பாளையத்தில் போவது பிஸ்டன்.

மதுரை: இப்போது வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் கரி கூடுமா?

எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்ஸிஜன். அதனால் பழைய டியூனிங்கில் இ20 ஊற்றினால் இன்ஜின் லீனாக ஓடும். கரியைவிடச் சூடுதான் கவலை. முதலில் உங்கள் மெஷினுக்கு எவ்வளவு எத்தனால் ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். மெஷின் முதலில் உறிஞ்சுவது அந்த அடிநீரை. அதில் எண்ணெய் ஏறக்குறைய இருக்காது. ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மெஷினைத் தூக்கி வைப்பதற்கு முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள்.

திண்டுக்கல்: ஏற்கெனவே படிந்த கரியை எப்படி எடுப்பது?

சைலன்சரைக் கழற்றுங்கள். கயிற்றை இழுத்துப் பிஸ்டனை மேலே நிறுத்தினால் அதன் சுவர் புகைத் துவாரத்தை மூடிக்கொள்ளும். பிறகுதான் சுரண்ட வேண்டும். மூங்கில் குச்சி அல்லது பிளாஸ்டிக் துண்டு போதும். ஸ்க்ரூடிரைவர் வைத்தால் பிஸ்டனில் கீறல் விழும். ஒரு மிளகளவு கரித்துண்டு உள்ளே போய்ப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே சிக்கினாலும் கோடு போட்டுவிடும். உதிர்ந்ததைத் துணியால் துடைத்து, மெஷினைத் தலைகீழாகத் தட்டுங்கள். வலையைத் தனியே எடுத்து கேஸ் பர்னரில் சிவக்கக் காட்டி, பிரஷால் தேய்த்தால் துளைகள் திறக்கும்.

சுத்தம் செய்தபின் எச் ஸ்க்ரூவை மறுபடி காதால் கேட்டுச் சரிபாருங்கள். புகை தடையில்லாமல் போவதால், அடைப்போடு வைத்த டியூனிங் இப்போது லீனாக இருக்கலாம். எச்-ஐ எவ்வளவு திறந்தும் கீச்சுச் சத்தம் போகவில்லை என்றால், ஸ்க்ரூவை விட்டுவிட்டு கிராங்க் சீலிலும் கார்புரேட்டர் ரப்பரிலும் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பட்டறையில் பிரஷர் சோதனை செய்யச் சொல்லுங்கள்.